உறைபனி மேல் நடக்காதீர்கள்

உள்ளே வருவதற்கு முன் ஷூவை மிதியடியில் நன்றாகத் தேய்த்துவிட்டு வந்தீர்கள். கவனித்தேன். இருபத்தேழு வருஷமாக இந்த கிளப்பின் புல்தரையைப் பார்த்துக்கொள்கிறேன். அப்படித் தேய்த்துவிட்டு வருகிறவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். உட்காருங்கள், ஐயா. அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், மற்றபடி ஒன்றும் செய்யாது.

என் மச்சான் எப்படிச் செத்தார் என்று கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் புல்லைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

இந்தப் புல்தரையில் ஆடுகிற ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கனமான பந்தைப் புல்மேல் உருட்டி, தூரத்தில் கிடக்கும் சின்ன வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தரையில் ஒரு தீக்குச்சி கனத்துக்கு மேடு இருந்தாலும் பந்து தன் இஷ்டத்துக்குப் போய்விடும். அதனால்தான் வெளியே அந்தப் பலகை. பந்தைத் தொப்பென்று போடாதீர்கள், குனிந்து தரையோடு தரையாக விடுங்கள். தட்டையான ஷூ போடுங்கள். விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டாதீர்கள். புல்லில் நின்றுகொண்டு கொசு மருந்து அடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு பல் டாக்டர் அடித்துக்கொண்டார். சுற்றிலும் புல் கருகி, நடுவில் அவருடைய இரண்டு பாதத் தடங்கள் மட்டும் இரண்டு மாசம் பச்சையாக நின்றன. புல் எதையும் மறைக்காது. அந்த மனுஷர்தான் 'நான் அடிக்கவே இல்லை' என்று சாதித்தார்.

பலகையில் வாசகம் என்னுடையது, எழுத்து மச்சானுடையது. ஒரு மழை நாள் முழுக்க இதே அறையில் உட்கார்ந்து எழுதினோம். 'உறைபனி மேல் நடக்காதீர்கள்' என்பதை மட்டும் அவராகவே சிவப்பில் எழுதினார். உறைந்த புல்லில் கால் வைத்தால் உள்ளுக்குள்ளே நொறுங்கிவிடும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்து, மிதித்த இடமெல்லாம் கறுத்துப்போகும்.

அவர் என் மனைவியின் அண்ணன், கிளப் செயலாளர். இந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டதே அவர்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. புல் முதன்முதலாகச் சீராக முளைத்த அன்று செருப்பைக் கழற்றிவிட்டு இதில் நடந்து பார்த்தார். "மாப்ள, இதுதான் உங்க புள்ள. யாரு கை வச்சாலும் நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இத்தனை வருஷம் ஒரு நாள் லீவு போடாமல் கிடந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை கிளப் கமிட்டிக் கூட்டம். புல்லையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் கம்பளம் விரிப்பதாகத் தீர்மானம். பல் டாக்டர் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். கதவோரம் நின்று பார்த்தேன். முதலில் எழுந்த கை மச்சானுடையது. மேசையில் கிடந்த தீர்மானக் காகிதத்தை எட்டிப் பார்த்தேன். பலகையில் இருக்கும் அதே எழுத்து. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னால் என் மனைவி அசையவில்லை. "அண்ணன் ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லிச்சு. நீங்க ஒடஞ்சு போயிடுவீங்கன்னுதான் நான் சொல்லல." இரண்டு மாசமும் தினம் இந்த அறைக்கு வந்து, நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். வேறு யாராவது செய்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். கூட இருந்தே குழி பறித்தவரிடம் என்னவென்று கத்துவது?

வியாழக்கிழமை காலை ஏழரை மணி. தரை முழுக்க வெள்ளை வெளேரென்று உறைபனி. மச்சான் வந்தார். இந்த அறைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கையில் அளவு நாடா. கம்பளத்துக்கு அளவெடுக்க வந்திருக்கிறார். காலில் குதி வைத்த ஆபீஸ் ஷூ. நேராகப் புல்லில் இறங்கி நடந்தார். சிவப்பில் எழுதிய அதே மனுஷர். நடுவில் போனதும் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு படுத்துவிட்டார்.

நான் ஓரத்தில் நின்றேன். வெயில் ஏறிப் பனி உருக ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. உருகிய பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். முன்பே கூப்பிட்டிருந்தால் நாலைந்து பேர் ஸ்ட்ரெச்சரோடு உறைந்த புல்லில் ஓடியிருப்பார்கள். விதி எல்லாருக்கும் ஒன்றுதானே. இதை அன்றைக்கே சொல்லியிருப்பேன். அன்றைக்கு வந்த உங்கள் கான்ஸ்டபிள் கேட்கவில்லை.

நீங்கள் என்னைப் பார்க்காமல் ஜன்னல் வழியே புல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆமாம், இரண்டு வரிசைத் தடம் கறுத்திருக்கிறது. ஆம்புலன்ஸ்காரர்கள் பனி உருகிய பிறகு நடந்தார்கள், அவர்கள் தடம் ஒன்றுகூட இல்லை. குதி தனியாகப் பதிந்து நடுவில் நின்றுபோகிறதே, அது மச்சானுடையது. தட்டையாக இருப்பது என்னுடையது.

போனேன். கூப்பிட்டார், போனேன். "மாப்ள, மாத்திரை... எடுத்துக் குடுங்க" என்றார். நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரை. குப்பி பையிலிருந்து நழுவி, அவர் கைக்கு எட்டாமல் ஒரு முழம் தள்ளிக் கிடந்தது.

"ஹீல் வச்ச ஷூ போட்டிருக்கீங்க, மச்சான்" என்றேன்.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து குப்பியை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். புல்லில் எதையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது; அதுவும் பலகையில் இருக்கிறது. குப்பி உங்கள் பக்கத்து இழுப்பறையில்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

போன தடம் இருக்கிறது, திரும்பி வந்த தடம் எங்கே என்றுதானே யோசிக்கிறீர்கள்? போன தடத்திலேயே கால் வைத்துத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், ஆனாலும் ஓர் அடிகூடப் பிசகவில்லை. அதிலிருந்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்கு அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. நான் புல்லை மட்டும்தான் நினைத்தேன்.