சீசரின் காலைப் பிடித்தவள்

கயிறு தச்சர்களுடையது. மலையிலிருந்து மரம் இறக்குவதற்கு வைத்திருப்பார்கள். நல்ல கயிறு. அன்று மாலையே சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த வகையில் நகர மன்றத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்பது சிலையின் உடம்பைப் பற்றி. நியாயமான கேள்விதான், ஐயா. அந்தப் பளிங்கு உடம்பு எங்கள் ஊர்ச் சதுக்கத்துக்கு வந்தபோது நான் பிறக்கவே இல்லை. மார்க்கவசம், தொடைவரை தொங்கும் தோல் பட்டைகள், முன்னால் எடுத்து வைத்த இடது கால். கழுத்தில் ஒரு குழி. புதிய சீசர் பதவிக்கு வந்தால் ரோமிலிருந்து புதிய தலை வரும். கொத்தன் ஏணியில் ஏறிப் பழைய தலையைக் கழற்றிவிட்டுப் புதியதைக் குழியில் இறக்கி ஈயம் ஊற்றுவான். உடம்பு அப்படியே நிற்கும். மூன்று தலைகளைச் சுமந்த உடம்பு அது. நான்காவதையும் சுமந்திருக்கும்.

தலையை மட்டும் எடுத்தால் போதும் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். நான் நகர மன்ற எழுத்தன். கொத்தனுக்குச் சொல்லி அனுப்புவதே என் வேலைதான்.

பதில் சொல்ல வேண்டுமென்றால் என் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

என் மனைவி ஹெல்வியா இந்தக் கோடையின் கடைசியில் பிரசவத்தில் இறந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. நான் ரோமில் படித்தவன். வாதிடவும் கவிதை சொல்லவும் கற்றவன். வீட்டில் நான் கவிதை சொன்னால் அவள் அத்திப்பழம் உரித்துக்கொண்டே கேட்பாள். நடுவில் சிரித்துவிடுவாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மருத்துவச்சி குழந்தையைக் கழுவி, வழக்கப்படி என் காலடியில் தரையில் கிடத்தினாள். பெண் குழந்தை. தகப்பன் குனிந்து தூக்கினால் அது அவனுடையது. தூக்காவிட்டால் அது யாருடையதும் இல்லை. நான் குனியவில்லை. குழந்தை மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே கட்டிலில் ஹெல்வியாவின் பாதம் ஒன்று போர்வைக்கு வெளியே தெரிந்தது. அதை யாராவது மூடினால் தேவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவச்சி காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

தியோனே மட்டும் நின்றாள். தியோனே ஹெல்வியாவை வளர்த்த அடிமை. சீதனத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். தலை நரைத்தவள், பருத்த கைகள்.

"ஐயா, தரை சில்லுனு இருக்கு," என்றாள்.

வடக்கு வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வா என்றேன். அந்த மாதிரிக் குழந்தைகளை அங்கேதான் வைப்பார்கள். சிலவற்றை யாராவது எடுத்துக்கொண்டு போவதும் உண்டு. நான் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை.

அவள் தன் சால்வையில் குழந்தையைச் சுற்றிக்கொண்டு போனாள். வடக்கு வாசலுக்குப் போகவில்லை. சதுக்கத்துக்குப் போய், பீடத்தில் ஏறி, சீசரின் இடது காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சட்டம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எஜமான் கொடுமை தாங்காத அடிமை சீசரின் உருவத்தைப் பிடித்துக்கொண்டால், நீதிபதி விசாரிக்கும்வரை அவளை யாரும் தொடக்கூடாது. தொட்டால் சீசரையே தொட்ட குற்றம். நீதிபதிகளான நீங்கள் இருவரும் திராட்சை அறுவடைக்காகத் தோட்டங்களுக்குப் போயிருந்தீர்கள். சந்தை நாளில் வந்து விசாரிப்பதாகச் சொல்லி அனுப்பினீர்கள். விசாரித்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அவளை வேறு வீட்டுக்கு விற்கச் சொல்வீர்கள். வாங்குகிறவன் குழந்தையையும் சேர்த்துக் கொண்டுபோவான். வாங்கப் போவது யார் என்பதைக்கூட ஊர் முடிவு செய்துவிட்டது: ஒப்தாதுஸ்.

ஒப்தாதுஸை உங்களுக்குத் தெரியும். மீன் குழம்பு விற்றுப் பணக்காரரானவர், சீசரின் சிலைக்கு மாலையும் சாம்பிராணியும் போடும் பொறுப்பில் இருப்பவர். அவரே ஒரு காலத்தில் அடிமை. தினமும் அவளுக்குக் கஞ்சியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்தார். ரொட்டிக்காரன் மனைவிக்குக் கைக்குழந்தை உண்டு. அவள் வந்து இதற்கும் பால் கொடுத்துவிட்டுப் போனாள். மன்றத்துக்குப் போக நான் அந்தச் சதுக்கத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். மீன்காரிகள் என்னைப் பார்த்ததும் குரலைக் குறைக்கக்கூட மாட்டார்கள்.

"படிச்ச மனுஷன் போறாரு பாருடி. குனிஞ்சா படிப்பெல்லாம் கொட்டிடுமாம்."

ஒப்தாதுஸ் அவர்களை அதட்டுவார். பிறகு என் பக்கம் வந்து மெல்லச் சொல்வார், "சீசருக்குக் கல்யாணமாகிப் பிள்ளை இல்லைன்னு ரோமாபுரியே கவலைப்பட்டுது. நம்ம ஊர்ல வந்து குடும்பஸ்தராயிட்டாரு. தம்பி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், கூட்டிட்டுப் போயிடலாம்."

நான் தலையாட்டிவிட்டுப் போவேன். இதெல்லாம் எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. அந்த நாட்களில் எதுவுமே உறைக்கவில்லை. வீட்டில் நான் உட்கார்ந்த நாற்காலி நேற்று இருந்த இடத்திலேயே இருக்கும். ஹெல்வியா உரித்துப்போட்ட அத்திப்பழத் தோல் ஜன்னலடியில் காய்ந்து கிடந்தது. சமையற்காரன் சாப்பாடு வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவான். பேசச் சொன்னால் என்ன பேசுவான்? அவனுக்கு ஹெல்வியாவை அதிகம் தெரியாது.

உறைத்தது வேறு ஒன்று. தியோனே அங்கே உட்கார்ந்து ஹெல்வியாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்வாள். பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்பார்கள். சின்ன வயதில் வாத்துக்குப் பயந்து அண்டாவுக்குள் ஒளிந்தது, பல் விழுந்ததை மறைக்க ஒரு வாரம் வாயைத் திறக்காதது, எல்லாம். ஒரு நாள் நான் தூணோரம் நின்று கேட்டேன். "உங்கப்பா பாட்டு சொல்லும்போது உங்கம்மா சிரிக்கும்டி. ஏன் தெரியுமா?" என்று தொடங்கினாள். என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மீன்காரிகளுக்கு அவள் அதைப் பிறகு சொல்லியிருப்பாள். எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாளை அவளிடம் அனுப்பினேன். ஐயா மனம் மாறிவிட்டார், குழந்தையை ஏற்றுக்கொண்டார், வீட்டுக்கு வரச் சொல்கிறார் என்று சொல்லச் சொன்னேன். அந்த அம்மாள் அதை நம்பினாள், பாவம், அழுதுகொண்டே போய்ச் சொன்னாள். தியோனே பீடத்திலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். அப்போது தூணுக்குப் பின்னால் நானும் அடிமை பிடிக்கிறவர்கள் இருவரும் நிற்பதைப் பார்த்துவிட்டாள். காலை மேலே இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சால்வையைக் கிழித்துத் தன் இடுப்பைச் சிலையின் காலோடு கட்டிக்கொண்டாள். கண் அயர்ந்தாலும் யாரும் இழுத்துவிடக் கூடாது என்று. முடிச்சை முதுகுப் பக்கம் போட்டிருந்தாள். நான் பார்த்தேன்.

சந்தைக்கு முந்தைய நாள் மதியம் குதிரைக்காரன் வந்தான். மன்றத்தில் நான் மட்டும் இருந்தேன். சீசரை அரண்மனையிலேயே கொன்றுவிட்டார்கள், செனட் அவர் பெயரை அழிக்கச் சொல்லிவிட்டது, உருவங்களை எங்கும் இறக்க வேண்டும் என்றான். முத்திரையைக் காட்டினான். அடுத்த ஊருக்குப் போகும் முன் குதிரைக்குத் தண்ணீர் காட்டச் சதுக்கத்து நீரூற்றுக்குப் போனான்.

ஒப்தாதுஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சதுக்கத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்று காலையில்தான் மாலை போட்டிருந்தார்.

"சரி, தலைதானே தம்பி," என்றார். "கொத்தனைக் கூப்பிட்டா சின்ன வேலை. சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போயிடலாம்."

அந்தப் பெண் என்ன ஆவாள் என்று கேட்டேன்.

"அவ காலைத்தானே புடிச்சிருக்கா? கால் எங்கயும் போகலையே. புதுத் தலை வந்தா அது புதுச் சீசரோட கால். நீதிபதியும் அப்படித்தான் சொல்லுவாரு." கொஞ்சம் சிரித்தார். "தலைய நம்பி இந்த ஊர்ல யாரு தம்பி இருக்காங்க?"

அவர் சொன்னது சரி. சட்டம் படித்த நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இதுதான், ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். தலையை மட்டும் எடுத்தால் கால் மிஞ்சும்.

செனட் சொன்னது உருவங்கள் என்றுதான், தலைகள் என்று இல்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அப்போ நான் போய் அவகிட்ட பக்குவமா சொல்லி இறக்கிடறேன். உங்களைக் கண்டா இன்னும் இறுக்கிப் புடிப்பா," என்றார்.

அவள் என் அடிமை, நான் சொல்வதுதான் முறை, நீங்கள் போய்க் கொத்தனை அழைத்து வாருங்கள் என்றேன். கொத்தன் மேல்மலைக் கல்குழிக்குப் போயிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். ஒப்தாதுஸுக்குத் தெரியாது. வயதான மனிதர், வெயிலில் வேகவேகமாக நடந்து போனார்.

செய்தியை அறிவிப்புப் பலகையில் எழுதி, மன்ற வாசலில் நின்று படித்தேன்.  பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். உங்களுக்கு இது புரியும்: நேற்றுவரை மாலை போட்டவர்கள், முதலில் கல்லெறிந்தது தாங்கள்தான் என்று இருக்க வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். கயிறு கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார்கள்.

மன்ற வாசல் மறுகோடியில் இருக்கிறது, அங்கிருந்து பீடம் தூரம். அறிவித்தது அவள் காதில் விழுந்திருக்காது, கூச்சல் மட்டும் கேட்டிருக்கும். அவர்களுக்கு முன்னால் நான் தனியாக அவளிடம் போனேன். சீசர் இறந்துவிட்டார், இது இனிமேல் வெறும் கல், இறங்கு என்றேன். அது முழுக்க உண்மை. அவளிடம் நான் பொய் சொல்லாமல் பேசியது அந்த வாரத்தில் அது ஒன்றுதான்.

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"அன்னிக்குக் குழந்தைய ஏத்துக்கிட்டேன்னு சொல்லி அனுப்பினீங்க. இன்னிக்குச் சீசரையே சாகடிச்சுட்டீங்க. நாளைக்கு யாரைக் கொல்லப் போறீங்க, ஐயா?"

குதிரைக்காரன் நீரூற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். கூப்பிட்டிருந்தால் வந்து முத்திரையைக் காட்டியிருப்பான். நான் கூப்பிடவில்லை. நம்பாவிட்டால் அது உன் பாடு என்று சொன்னேன்.

தச்சர்கள் ஏணி வைத்துச் சிலையின் கழுத்தில் கயிற்றைக் கட்டினார்கள். அவள் பயப்படவில்லை. நான் கூலி கொடுத்துக் கூட்டிவந்த ஆட்கள் என்று நினைத்தாள். "தொடுங்கடா பார்ப்போம். தொட்டவன் கை இருக்காது," என்று அவர்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மூத்த தச்சன் தயங்கினான். பொம்பளை இருக்கிறாளே என்றான். ஆட ஆரம்பித்தால் தானாக இறங்கிவிடுவாள் என்று சொன்னேன். எல்லாருக்கும் அந்த வார்த்தை தேவையாக இருந்தது, வாங்கிக்கொண்டார்கள். எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று கேட்டான். முன்பக்கம் என்றேன். பின்னால் மன்றத்தின் தூண்கள் இருக்கின்றன, அவற்றுக்குச் சேதம் வரக் கூடாது. இதில் நான் செய்தது தவறு என்று நீங்கள்கூடச் சொல்ல மாட்டீர்கள்.

இழுங்கள் என்றது நான்தான்.

கணுக்காலில் இருந்த இரும்புக் கம்பி முறியும் சத்தம் கேட்டது. தியோனே அண்ணாந்து பார்த்தாள். சீசர் தலை அசைவதைப் பார்த்திருக்கிறாள். அப்போதுதான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. முதுகுப் பக்கம் கையை விட்டு முடிச்சைத் தேடினாள். அது இறுகியிருந்தது. பலர் நிறுத்து நிறுத்து என்று கத்தினார்கள், ஆனால் அந்த எடை கிளம்பிய பிறகு கயிற்றில் இருப்பவர்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அவள் முடிச்சை விட்டுவிட்டாள். இரண்டு கைகளாலும் குழந்தையைத் தூக்கி, பக்கத்தில் நின்ற ஆளிடம் நீட்டினாள். பக்கத்தில் நின்ற ஆள் நான். ஒரு எட்டுகூட வைக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் கத்தவில்லை. "புடிங்க," என்றாள்.

உடம்பு மூன்று துண்டாகிவிட்டது. இனி எதற்கும் உதவாது, சுண்ணாம்புக்குக் கொடுக்கலாம். புதிய உடம்புக்கான செலவை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள எனக்கு ஆட்சேபம் இல்லை. மற்றபடி சட்டத்தில் என் மேல் எதுவும் இல்லை என்று உங்களுக்கும் தெரியும். அவள் என் அடிமை. குழந்தை யாருடையதும் இல்லை. சிலை செனட் இறக்கச் சொன்ன சிலை. அதனால்தான் நீங்கள் பளிங்கைப் பற்றி மட்டும் கேட்டீர்கள்; நான் குறை சொல்லவில்லை.

ஒப்தாதுஸ் எனக்கெதிராக எதுவும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். அவரால் இப்போது பேச முடியவில்லையாம். ரொட்டிக்காரன் மட்டும் உங்களிடம் வந்து எனக்காகச் சொல்லியிருக்கிறான்: எழுத்தர் கையில் அறிவிப்புப் பலகை இருந்தது, அதனால்தான் அவரால் குழந்தையை வாங்க முடியவில்லை என்று. அவன் நல்லவன். வேறு மாதிரி அவனால் யோசிக்க முடியவில்லை.

அதை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். பலகையை நான் மன்ற வாசற்படியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். என் இரண்டு கைகளும் காலியாக இருந்தன.