களிமண் கழுதையின் இடது கண்

— மணி பதினொன்னு இருபது, கிருபாக்கா. காலைலேர்ந்து முப்பத்தொம்பது பிரேம்தான் எடுத்துக்கீறோம். இப்ப இன்னாத்துக்கு நிறுத்தின?

— களிமண் கழுதையோட இடது கண்ணுக்குக் கீழே பாரு, ஜெயவேலு. பள்ளம்.

— ஆமா. கீது.

— கதையில இப்போ அதோட முதுகு மூட்டையை இறக்கிட்டாங்க. அது நம்ப முடியாம மெதுவா நிமிர்ந்து பார்க்கணும். நீ எடுக்கிற ஒவ்வொரு பிரேமுக்கும் நான் இமையை ஒரு முடி அளவு ஏத்தினா போதும். இப்போ யாரோ அறைஞ்ச மாதிரி இருக்கு.

— தடவி சரி பண்ணேன்.

— நடுவுல சரி பண்ணா பிலிமை ஓட்டும்போது கன்னம் துள்ளும். எட்டு வருஷமா கேமரா பிடிக்கிற, உனக்குத் தெரியாதா?

— அப்ப மொதல்லேர்ந்து எடுப்போம்.

— இதுவே மூணாவது தடவை. பிலிம் இந்த ரோலோட முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை டிவி ஸ்டேஷன்ல கொடுக்கலைன்னா கழுதைக்கதையே வேண்டாம்னுடுவாங்க. பாரு, உண்மையைச் சொல்லு. நான் தண்ணி குடிக்கப் போனப்போ தொட்டியா?

— இன்னாக்கா நீ! என் பொண்ணு மேல சத்தியமா தொடல. கழுத மேல ஈ குந்துனாகூட ஊதித்தான் தொரத்துறேன்.

— அப்போ வெயில்தான். செம்பாக்கத்துல மே மாசம், தகர ஷெட்டு. களிமண் இளகாம என்ன செய்யும்?

— ஐஸ் மேல வெச்சுத்தானே எடுத்தோம். கல்லு மாதிரி கீது. தொட்டுப் பாரு.

— தொட்டேன். இளகித்தான் இருக்கு.

— இன்னாக்கா சொல்ற? எனக்கு நகமே எறங்கல. ஒண்ணு சொன்னா கோச்சுக்காத. பள்ளத்துல கட்டவெரல் ரேகை கீது. என் வெரல்ல குறுக்கால தழும்பு. அதுல தழும்பு இல்ல.

— நான்தான்னு சொல்றியா?

— போன வாரம் காதும் இப்டித்தான் நசுங்கிச்சு.

— பதினாறு வருஷமா பிசையுறேன். எவ்வளவு அழுத்துறேன்னு எனக்குத் தெரியாதா?

— இரு, ஏர்போர்ஸ் பிளேன் வருது. டேபிள் ஆடும்… ம், போயிட்ச்சு.

— சரி, வேற வழியில்லை. விளக்கைச் சாய்ச்சுப் பள்ளத்தை நிழல்ல மறைப்போம். பார்க்கிறவங்க மேகம் வந்துடுச்சுன்னு நினைச்சுக்கட்டும். நீ கேமராவுல கண்ணை வெச்சுச் சொல்லு.

— இன்னும் கொஞ்சம்… இன்னும்… அங்கியே! மறைஞ்சிட்ச்சுக்கா!

— கர்த்தரே. விளக்கோட ஸ்க்ரூ நிக்கலை, நானே பிடிச்சுக்கிறேன். எடு.

— நாப்பது.

— என்ன நாத்தம்? ஒயர் கருகுதா பாரு.

— ஒயர் இல்ல. கைய எடுக்கா! வெரலு பல்பு மேல கீது. சுடலையா உனக்கு?