முதுகில்லாத ராஜா

ராஜா: மச்சான், இந்தச் சட்டைக்கு முதுகு எங்க?

மச்சான்: கிடையாது, மாப்பிள்ளை. கையை நுழைச்சுக்கோங்க. நாடகம் ஆரம்பிக்கப் போறாங்க.

ராஜா: கிடையாதுன்னா... தைக்க மறந்துட்டீங்களா?

மச்சான்: மறக்கிறதா? ஆறு மாசமா மியூசியம் மியூசியமா அலைஞ்சிருக்கேன். இந்த ராஜாவுக்கு இருக்கிறதே ஒரு படம். அதுல முன்பக்கம்தான் தெரியுது. முதுகை நானா இட்டுக்கட்டினா அது சரித்திரமா?

ராஜா: சிலை ஏதாவது...

மச்சான்: சுவரோட சேர்த்துச் செதுக்கித் தொலைச்சிருக்கான். காவலாளி அந்தப் பக்கம் போனதும் படத்தையே திருப்பிப் பார்த்தேன்.

ராஜா: என்ன இருந்துச்சு?

மச்சான்: ஒட்டடை. தைச்சுத் தரவா?

ராஜா: விளையாடாதீங்க. மூணாவது காட்சியில நான் திரும்பணும்.

மச்சான்: திரும்பாதீங்க.

ராஜா: மகன் செத்த சேதி வருது, மச்சான். திரும்பி நின்னுதான் புலம்பணும்.

மச்சான்: முன்னாடி பார்த்துப் புலம்புங்க. போகும்போது நண்டு மாதிரி பக்கவாட்டுல போயிடுங்க.

ராஜா: முதல் வரிசையில உங்க அப்பா உட்கார்ந்திருக்கார். இத்தனை வருஷமா மேடையில ஈட்டியைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நின்னவன் நான். ‘மாப்பிள்ளைக்கு வாய் பேச வருமா’ன்னு கேட்ட மனுஷன் அவர். இன்னைக்குத்தான் முதல் தடவையா பேசப் போறேன்...

மச்சான்: தாராளமா பேசுங்க. வாய்க்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்?

ராஜா: ...இருக்கு.

மச்சான்: என்ன?

ராஜா: அழுகை முதுகுலதான் நல்லாத் தெரியும். பெரிய நடிகருங்க எல்லாம்...

மச்சான்: என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க.

ராஜா: முதல்ல நீங்க சொல்லுங்க. கழுத்துப்பட்டி முழுசா சுத்தி வருது. கைக்குப் பின்னாடியும் துணி இருக்கு. நடுவுல மட்டும் சரித்திரம் இல்லையா? இதோ, பிரிச்ச நூல் தொங்குது.

மச்சான்: அதை இழுக்காதீங்க, கழுத்தும் பிரிஞ்சுடும்.

ராஜா: தைச்ச முதுகை எதுக்குப் பிரிச்சீங்க?

மச்சான்: நீங்க எதுக்குத் திரும்பணும்? அதைச் சொல்லுங்க, இதைச் சொல்றேன்.

ராஜா: வசனம் மண்டையில ஏறல, மச்சான்... மேடையில பின்னாடி இடது பக்கத் தூண்ல பொடி எழுத்துல பூரா எழுதி வச்சிருக்கேன். உங்க தங்கச்சிக்குக்கூடத் தெரியாது.

மச்சான்: அது நீங்கதானா? எந்த ராஜா அரண்மனைத் தூண்ல மார்க்கர் எழுத்து இருந்துச்சு, மாப்பிள்ளை? காலையில பார்த்ததும் வயிறு எரிஞ்சு போச்சு. தேய்ச்சேன், போகல. பெயின்ட் அடிச்சா காயாது. அவசரத்துக்கு அந்த எழுத்தை மறைச்சு ஒட்டறதுக்குக் கையில இருந்த ஒரே பட்டு... உங்க முதுகுதான்.