ஆறு வருஷ இடைவெளி

– பென்சிலைக் கீழ வை முதல்ல.

– ஏங்க, தப்பு வந்தா அழிக்க வேணாமா?

– அழிச்சுக்கலாம்னு நினைச்சு எழுதினா கை தப்பாத்தான் எழுதும். பேனாவை எடு. ஆபீஸ்ல இருபத்தெட்டு வருஷம் வேலைக்கு வர்ற மனுவைப் பிரிச்சவன் சொல்றேன். பென்சில்ல எழுதினதை நாங்க படிக்கிறதே இல்ல.

– சரிங்க ஆபீசர். பொண்டாட்டி மனுவையாவது காது குடுத்துக் கேப்பீங்களா?

– படி.

– "மதிப்பிற்குரிய ஐயா, நான் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவள். என் கணவர் ஆறு வருடமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். தாங்கள் பெரிய மனது வைத்து..."

– போதும். கிழிச்சுடு.

– கேளுங்களேன், இதை எழுத ஒரு மணி நேரம் ஆச்சு எனக்கு!

– ஒரு நாளைக்கு நூறு மனு வரும்மா. நூறுலயும் கண்ணீர்தான். படிக்கிறவனுக்கு அதெல்லாம் பழகிப்போயிடும். அவனுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இந்த ஆள் நாளைக்கு வந்து நின்னா என்ன வேலை செய்யும்? பாயிண்ட்டுக்கு வா.

– எனக்குத் தெரிஞ்ச பாயிண்ட்டு அதுதான்.

– புதுத் தாள் எடு. "தங்கள் மருத்துவமனையில் நோயாளி உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்." முதல் வரி அவ்வளவுதான். மொத்தமும் ஒரு பக்கம். கீழ கையெழுத்து. அதோட, விளம்பரத்துல இருக்கற படிவம். அஞ்சு மணிக்குள்ள தபால்ல சேரணும், இன்னிக்குத்தான் கடைசி நாள்.

– திங்கட்கிழமை டாக்டரைப் பாத்துட்டு வந்ததுலேருந்து இதே பேச்சு. பேப்பர்ல விளம்பரத்தைக் கத்தரிக்கச் சொன்னதும் நீங்கதான். எனக்கு எதுக்குங்க அம்பத்தோரு வயசுல வேலை? நான் காலையில கிளம்பிப் போயிட்டா உங்களை யாரு பாப்பா?

– அதுக்கு ஏற்பாடு ஆயிடுச்சு.

– உங்க அக்காகிட்ட பேசினீங்களா?

– ஏற்பாடு ஆயிடுச்சுன்னு சொன்னேன்ல. எழுது.

– ஆமா, உங்க அக்கா வந்து உங்களைக் குளிப்பாட்டிடுவாங்க. கல்யாணத்துல என் புடவை மடிப்பைத் திருத்தினதோட சரி, அதுக்கப்புறம் அவங்க கை இந்த வீட்டுல எதையும் தொட்டதில்ல.

– அனுபவம்னு தலைப்புப் போடு.

– போட்டாச்சு. துணிக்கடை, பில் போடற இடம், இருபத்திரெண்டு வருஷம். அதுக்கப்புறம் ஆறு வருஷம் வெத்தாக் கிடக்கு.

– வெத்தா?

– வீட்டுலதானே இருந்தேன்... என்னங்க? ஏன் கண்ணை மூடிக்கிட்டீங்க? தண்ணி வேணுமா?

– வேணாம். எங்க ஆபீஸ்ல சிவப்பு மைப் பேனா ஒண்ணு இருக்கும். நடுவுல வருஷம் விட்டுப்போன மனு வந்தா, அந்த இடத்தைச் சுழிச்சு ஓரமாப் போட்டுடணும். ஒரு அம்மா, மாமியாரை நாலு வருஷம் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டேன்னு எழுதியிருந்தாங்க. அனுபவம்ங்கற தலைப்புக்குக் கீழ. பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட காட்டிச் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே சுழிச்சேன்.

– விடுங்க. உங்க ரூல் அப்படி.

– ரூல் மேல பழி போடாதே. சுழிச்சது நான். அந்தம்மா ஜன்னல்கிட்ட வந்து, "ஐயா, என் மனு என்னாச்சு"ன்னு கேட்டாங்க. நிமிந்துகூடப் பாக்கல நான். முகம் தெரியாது. குரல் மட்டும் காதுலயே நிக்குது. நீ என்னைப் புரட்டிப் படுக்க வைக்கிறப்பல்லாம் கேக்குது.

– ஐயோ, எதுக்குங்க இப்ப இதெல்லாம்.

– எழுதும்மா. நான் சொல்லச் சொல்ல எழுது. "பக்கவாதத்தால் நடக்க முடியாத நோயாளி ஒருவரை ஆறு வருடம் முழு நேரமும் கவனித்திருக்கிறேன்."

– முழு நேரமுமா? ஆஸ்பத்திரிக்காரங்க சிரிக்க மாட்டாங்களா?

– சிரிக்கட்டும். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தரம் என்னைத் திருப்புவே?

– ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம்.

– தூக்கத்துலயும்?

– அலாரம் வச்சுக்குவேன். இப்பல்லாம் அது அடிக்கிறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது.

– ஆறு வருஷத்துல எத்தனை படுக்கைப்புண்?

– வாயைக் கழுவுங்க. ஒண்ணுகூட வரல. வர விடுவேனா?

– அதை அப்படியே எழுது. "ஒரு படுக்கைப்புண்கூட வந்ததில்லை." இந்த ஒரு வரிக்காகவே கூப்பிடுவாங்க. அப்புறம்?

– எட்டு மாசம் மூக்குக் குழாய்ல சாப்பாடு குடுத்தேன். யூரின் பை மாத்துவேன், அளவு பாத்து நோட்டுல குறிச்சு வைப்பேன்.

– அந்த நோட்டைப் பாத்துட்டு நர்ஸ் என்ன சொன்னாங்க?

– எங்க வார்டுலகூட இப்படி எழுத மாட்டோம்னு... போங்க, அதையெல்லாமா எழுதறது?

– நோட்டு வச்சிருக்கேன்னு எழுது. நேர்ல கூப்பிட்டா எடுத்துட்டுப் போ. எண்பது கிலோ ஆளைத் தனியாத் தூக்கி நாற்காலியில உக்கார வைப்பே, அதையும் எழுது.

– எண்பதா? எந்தக் காலத்துல இருக்கீங்க? நாப்பத்தொம்பது. திங்கட்கிழமை எடை பாத்தப்போ நான்தானே பக்கத்துல நின்னேன்.

– தூக்க ஆரம்பிச்சப்போ எண்பது. எண்பதுன்னே எழுது.

– கோவக்கார நோயாளியையும் சமாளிப்பேன்னு எழுதவா? தட்டை வீசினீங்களே, சுவத்துல கறைகூட இன்னும் இருக்கு.

– எழுது. நல்ல பாயிண்ட்டு.

– அட, சும்மா சொன்னேங்க.

– நான் சும்மா சொல்லல. அன்னிக்கு நீ துடைச்சுட்டு இன்னொரு தட்டுல போட்டுக் கொண்டுவந்தே. நான் மன்னிப்புகூடக் கேக்கல. இப்பக் கேக்கறேன்.

– என்னங்க இது, மனு எழுத உக்கார வச்சுட்டு என்னை அழ வைக்கறீங்க? அடுத்தது சொல்லுங்க. "தங்களைப் பற்றி விசாரிக்க வேண்டியவர்" பேரும் மனுவுல வேணும்னு விளம்பரத்துல போட்டிருக்கு. நோயாளி பேரையே போட்டுடறேன். அவரைவிட யாருக்கு என்னைப் பத்தித் தெரியும்?

– நோயாளி வேணாம்.

– ஏன்? போன் உங்க தலைமாட்டுலதானே இருக்கு?

– கூப்பிட்டா எடுக்கிற ஆளாப் போடணும். டாக்டர் பேரைப் போடு. நான் சொல்லி வச்சிருக்கேன்.

– எப்பச் சொன்னீங்க? சரி, போட்டாச்சு. மனுவுல கையெழுத்தும் ஆச்சு. பாருங்க, ஒரே பக்கம். என் கையெழுத்து இவ்வளவு அழகா இருக்கும்னு எனக்கே தெரியாது.

– எனக்குத் தெரியும். துணிக்கடை பில்லுல பாத்துத்தானே பொண்ணு கேட்டு வந்தேன். ஒரு கைக்குட்டை வாங்கப் பதினோரு நாள் வந்தேன்.

– ஆமா, பதினோரு கைக்குட்டை. உங்க அக்கா கேட்டாங்களே, தம்பிக்கு ஜலதோஷமான்னு!

– சிரிக்காதே, எனக்கு இருமல் வருது... படிவத்தை எடு. இதுதான் முக்கியம். சேர்ற அன்னிக்கு இதே படிவத்தை உன் முன்னால வச்சு, ஒவ்வொரு வரியாப் படிச்சுக் காட்டி மறுபடி கையெழுத்து வாங்குவாங்க. அன்னிக்கு ஒரு வரி மாறியிருந்தாலும் பொய்த் தகவல்னு திருப்பி அனுப்பிடுவாங்க. நடுவுல வீடு மாறின ஒருத்தனை, பழைய விலாசம் இருக்குன்னு நானே அனுப்பியிருக்கேன்.

– பாவம்ங்க, வீடு மாறினது ஒரு குத்தமா? சரி, நம்ம விலாசம் எங்க மாறப்போகுது. எழுதிட்டேன். வயசு, படிப்பு, ரத்த வகை. எப்போது சேர முடியும்னு கேட்டிருக்கு.

– "அழைத்தவுடன்"னு எழுது.

– அழைத்தவுடனா? உங்க அக்கா வர நாள் ஆகுமே.

– எழுது. அவங்க ஆள் சேர்க்க எப்படியும் மூணு மாசம் ஆகும்.

– மூணு மாசம்னா சரிதான். அதுக்குள்ள உங்க வலது கையும் கொஞ்சம் அசைய ஆரம்பிச்சுடும். கடைசி வரி. மணமானவர், மணமாகாதவர், கணவரை இழந்தவர். ஒண்ணுல டிக் போடணும். நல்லவேளை, இதுக்கு உங்களைக் கேக்க வேண்டியதில்ல.

– இரு. போடாதே.

– ஏங்க?

– திங்கட்கிழமை நீ மருந்து வாங்க வரிசையில நின்னப்போ, டாக்டர்கிட்ட நானேதான் கேட்டேன். உள்ளதைச் சொல்லுங்கன்னு.

– என்ன சொன்னாரு? என்னங்க, என்னைப் பாருங்க. என்ன சொன்னாரு?

– தாளைத் தள்ளி வை, நனைஞ்சுடும்.

– அப்ப அக்கா வர்றதாச் சொன்னது? ஏற்பாடு ஆயிடுச்சுன்னு சொன்னீங்களே...

– அக்கா வர்றாங்கன்னு நான் சொல்லவே இல்லையேம்மா. மணி நாலரை ஆச்சு, தபாலுக்கு நேரமாகுது. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, மணமானவர்ங்கற அந்த ஒரு கட்டத்துல மட்டும் பென்சில்ல டிக் போடு.