மறுபடி வரச் சொன்ன மணல்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெரியவர் அவர்களே, அறிவாலும் அனுபவத்தாலும் மூத்தவர்களே, பிள்ளையையும் பயிரையும் ஒரே கண்ணால் பார்க்கும் தாய்மார்களே, மணலோடு மல்லுக்கட்டியும் மனம் சலிக்காத தோழர்களே!

உரம் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் படித்தவன் அல்லன், பட்டவன். பட்டதைச் சொல்கிறேன்.

இரண்டு ஏக்கர் மணல் நிலம். இருபத்தாறு ஆண்டுகள் நானும் என் மனைவியும் அதில் மக்காச்சோளம் விளைவித்தோம். சென்ற ஆண்டு விதைப்புக்கு முந்தைய மாதம் அவள் இறந்துபோனாள். விதைத்தேன், ஆனால் நிலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் நினைவுதான். யூரியாவை நான்கு முறையாகப் பிரித்துப் போடுவாள் அவள். தெரியாதா எனக்கு? தெரியும். தெரிந்தும், திரும்பத் திரும்ப அங்கே போக அஞ்சி, ஒரே காலையில் அத்தனையையும் கொட்டிவிட்டு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். செய்தவன் நான்தானே.

மூன்றாம் நாள் மழை. மணல் மழையைப் பிடித்ததா? உரத்தைப் பிடித்ததா? இரண்டே வாரத்தில் பயிர் வெளிறி மஞ்சளானது. நிலத்தையே விற்றுவிடத் துணிந்தேன். வாங்க வந்தவர் மண் பரிசோதனைச் சீட்டுக் கேட்டார். பரிசோதனைக் கூடத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். இடுப்பளவு ஆழத்துக்குத் துளையிட்டு மண் எடுத்தார்.

"ஐயா, நீங்க போட்டது வேரைத் தாண்டிக் கீழ போயிடுச்சு. இன்னும் நேரம் இருக்கு. பத்து நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா வைங்க."

"அத்தனை தடவை வரணுமாம்மா? தனியா வர முடியல."

அவர் வரப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "அழுதுக்கிட்டே வாங்க. பயிரு ஒண்ணும் கேக்காது."

போனேன். அழுதுகொண்டே போனேன். அடுத்த பத்தாம் நாள் அவளோடு பேசிக்கொண்டே போனேன். அதற்கடுத்த முறை இலையெல்லாம் பச்சை கட்டியிருந்தது. "பாத்தியா?" என்று திரும்பினேன். திரும்பிய இடத்தில் யாரும் இல்லை.

விளைச்சல் பாதிதான். ஆனால் நிலத்தை விற்கவில்லை. இந்த ஆண்டு தொழு எரு போட்டு உழுத பிறகே விதைத்தேன். எரு சேர்ந்தால் மணலும் கொஞ்சம் ஈரம் தாங்கும்.

தோழர்களே! மணலை மலடு என்று யார் சொன்னது? கொடுத்ததை வைத்துக்கொள்ளத் தெரியாத மண் அது. அதனால்தான் மறுபடி வா என்கிறது! மறுபடியும் வா என்கிறது! தனி ஆளாய்ப் பயிர் செய்கிறவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். முகம் பார்த்தாலே தெரிகிறது. போங்கள். கால் கனத்தாலும் போங்கள், கண் நிறைந்தாலும் போங்கள்!

வீட்டில் பேச ஆளில்லாத ஒருவனை இவ்வளவு நேரம் பேசவிட்டு, இத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள். நன்றி. வணக்கம்.