டாக்டரம்மா சேலை நனைந்த கதை

கீழவைப்பார் பஸ்ஸில் என் பக்கத்தில், மடியில் பிள்ளையோடு ஒரு மீன்காரப் பெண் இருந்தாள். முன்சீட்டுக்காரியிடம், "டாக்டரம்மா சேலைய எம்மவன் நனைச்சிட்டான்க்கா. அவ கைதட்டிச் சிரிக்கா!" என்றாள்.

"ஏளா, கோவிக்கலையா?"

"வயித்தாலப் போயி, கண்ணு குழிஞ்சு, ஒண்ணுக்கே போகாமக் கெடந்தான்லா. டாக்டரம்மா வந்ததும் பிள்ளைய எடை போட்டா."

"எதுக்கு, ஏலம் விடவா?"

"எடைக்குத் தக்கனதான் டிரிப்பு ஏத்தணுமாம். 'வேகமா விடுங்க'ன்னு நான் சண்டை போட்டேன். 'தப்பா ஏத்துனா மூளை வீங்கிரும்மா'ன்னு சொல்லிட்டு, பக்கத்துலயே இருந்தா. அவன் ஒண்ணுக்குப் போனப்பொறவுதான் எந்திரிச்சுச் சாப்பிடப் போனா."

"மவராசி, நல்லா இருக்கட்டும்."

அந்நேரம் என் முந்தானை வெதுவெதுப்பாக நனைந்தது. பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் நகர்ந்து உட்காரவில்லை.