ஈரத்துணி சுற்றிய பொட்டலம்

"அத்தனை உசுரையும் நாந்தானுங்க்கா கொன்னேன்."

ராசிபுரத்திலிருந்து ஆட்டையாம்பட்டி போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் இப்படிச் சொன்னதும் கைபேசியை அணைத்துவிட்டேன். அவள் மடியில் ஈரத்துணி சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது.

"என்னத்தக் கொன்ன கண்ணு?" என்று பக்கத்தில் இருந்த நடுவயதுக்காரி கேட்டாள்.

"சைலேஜுக்கு, அதான் மாட்டுக்குப் பச்சப்புல்லக் குழியில மூடி வெக்கிறதுக்குப் போடுற பொடிங்க்கா. மாட்டாஸ்பத்திரிப் புள்ள குடுத்துச்சு. அதுல இருக்கறது உசுருள்ள கிருமி, புல்லப் புளிக்க வெச்சுக் கெடாமக் காக்கும்னு சொல்லுச்சு. பொடிகூடச் சேக்கற வெல்லம் சீக்கிரம் கரையட்டும்னு நான் கொதிக்கிற தண்ணியில கலக்கிப்போட்டேன்."

"அய்யோ. புல்லு என்னாச்சு?"

"குழியத் தொறந்தா ஒரே பூசணம். மாடு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. எங்கூட்டுக்காரரு மருந்தே போலின்னு அந்தப் புள்ளைய ஊருக்கு முன்னால பேசிப்போட்டாருங்க. அழுதுட்டே போச்சு."

"நீ சொல்லலையா?"

"பக்கத்துலதான் நின்னேன். வாயே வரலீங்க்கா."

வெண்ணந்தூரில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை.

"மடியில என்ன?"

"அதே பொடிதானுங்க்கா. சூடு பட்டாச் செத்துப்போகும்னு ஈரத்துணி சுத்தியிருக்கேன். இன்னைக்கும் அந்தப் புள்ளதான் எடுத்துக் குடுத்துச்சு. 'இந்த வாட்டி பச்சத்தண்ணியிலயே கரைங்க்கா'ன்னு மட்டும் மெதுவாச் சொல்லுச்சு."